டெவன் மண்வீடுகளின் கல் அடித்தளம்

இங்கிலாந்தின் தென்மேற்கில் உள்ள டெவன் மாவட்டத்தில் 'காப்' எனப்படும் மண்வீடுகள் பல நூற்றாண்டுகளாக நிலைத்து நிற்கின்றன. களிமண் கலந்த அடிமண், வைக்கோல், நீர் ஆகியவற்றை மிதித்துக் குழைத்து, அச்சும் செங்கல்லும் இன்றிப் படை படையாக எழுப்பப்படுவது காப் சுவர் ஆகும். கடலோடி வால்ட்டர் ராலே ஏறத்தாழ 1552இல் பிறந்த ஹேய்ஸ் பார்ட்டன் வீடும் இவ்வகையைச் சேர்ந்ததே. மழை மிகுந்த இப்பகுதியில் மண்சுவர் கரையாமல் நிற்பதற்கு அதன் கல் அடித்தளம் முதன்மையான காரணமாகும்.

அமைப்பு

முதலில் மேல்மண் அகற்றப்பட்டு, உறுதியான அடிமண் தென்படும் வரை ஆழம் குறைந்த வாணம் தோண்டப்பட்டது. அருகில் கிடைத்த கற்கள் களிமண் சாந்திலோ சுண்ணாம்புச் சாந்திலோ பதித்துக் கட்டப்பட்டன. இக்கட்டு பொதுவாகத் தரைக்கு மேல் 45 முதல் 60 செ.மீ. வரை உயர்ந்திருக்கும். அதன்மீது எழும் மண்சுவரின் கனம் பெரும்பாலும் 60 செ.மீ. அல்லது அதற்கும் மேல்.

பயன்கள்

கல் அடித்தளம் கனத்த சுவரின் பாரத்தைத் தாங்கி நிலத்தில் பரப்புகிறது. கூரையிலிருந்து விழும் மழைநீர் தரையில் பட்டுத் தெறிக்கும்போது மண்சுவரை நனைக்காமல் காக்கிறது. நிலத்தின் ஈரம் மண்சுவரை எட்டுவதையும் குறைக்கிறது. காப் சுவருக்கு நல்ல காலணியும் நல்ல தொப்பியும் வேண்டும் என்பது டெவன் மக்களின் வழக்கு. காலணி என்பது கல் அடித்தளம். தொப்பி என்பது வைக்கோல் கூரை.

சிமெண்ட் பூச்சின் விளைவு

பழைய சுண்ணாம்புப் பூச்சு, சுவரில் ஏறிய ஈரம் ஆவியாக வெளியேற இடம் கொடுத்தது. 20ஆம் நூற்றாண்டில் பல வீடுகளுக்குச் சிமெண்ட் பூசப்பட்டது. அப்பூச்சின் விரிசல்கள் வழியே புகுந்த நீர் வெளியேற வழியின்றிச் சுவரின் அடியில் தேங்கியது. வெளியே தரைமட்டம் உயர்ந்து கல் அடித்தளம் புதைந்த இடங்களில் பாதிப்பு மேலும் கூடியது. ஈரம் மிகுந்தால் காப் மண் இளகி வலுவிழக்கும். மேலுள்ள பாரத்தைத் தாங்க முடியாமல் சில சுவர்கள் திடீரெனச் சரிந்தன. வெளியிலிருந்த கெட்டியான பூச்சு உள்ளே நடந்த சேதத்தை மறைத்துவிட்டது.

இன்றைய நிலை

பழைய வீடுகளைச் சீரமைக்கும்போது சிமெண்டை நீக்கிச் சுண்ணாம்பு பூசுவதும், கல் அடித்தளத்தை மூடிய மண்ணை அகற்றி நீர் வடிய வழிசெய்வதும் இன்று பரிந்துரைக்கப்படுகின்றன. பிளிமத் பல்கலைக்கழகம் பிரெஞ்சு நிறுவனங்களுடன் இணைந்து, இக்காலக் கட்டட விதிகளுக்கு ஏற்ற காப் சுவரை உருவாக்கும் ஆய்வை 2017இல் தொடங்கியது.