கூடங்குளமும் கொங்கின் மின்வெட்டும்: 2008–2015 கட்டுப்பாட்டு ஆணைகள் ஒரு மறுவாசிப்பு

கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தை 2008 முதல் 2015 வரை வாட்டிய மின்வெட்டு, வருங்காலப் பற்றாக்குறைக்கு அணுமின்சாரமே மருந்து என்பதற்கு வலுவான சான்றாக எடுத்தாளப்பட்டு வருகிறது. கூடங்குளம் முதல் அலகு 2014 டிசம்பர் 31-இல் வணிக உற்பத்தியைத் தொடங்கியது. 2015 ஜூன் 5-இல் உயரழுத்த நுகர்வோர் மீதிருந்த கட்டுப்பாடுகள் நீங்கின. ஆகவே உலை வந்தது, வெட்டு போனது என்கிறது அந்த வாதம். தேதிகளில் பிழையில்லை. அவற்றை இணைக்கும் 'ஆகவே' மட்டும் நிற்காது என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. உலையை எதிர்த்துப் போராடிய இடிந்தகரை மக்கள் எழுப்பிய பாதுகாப்புக் கேள்விகளுக்குத் தனி விவாதம் வேண்டும். இங்கே அவற்றுக்குள் போகவில்லை.

இந்த விவாதத்துக்கான மூல ஆவணங்கள், மின்வாரியம் 2008 நவம்பர் முதல் நடைமுறைப்படுத்திய கட்டுப்பாட்டு ஆணையும் அதைத் தொடர்ந்து வந்த திருத்தங்களும்தான். அந்த ஆணைக்கு இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, ஆலையின் அடிப்படைத் தேவையில் 40 விழுக்காட்டைக் குறைக்கிறது. மற்றது, மாலை 6 மணி முதல் 10 மணி வரையிலான உச்சநேரத்தில் மிகச் சிறு பங்குக்கு மேல் மின்தொகுப்பிலிருந்து எடுக்கத் தடை விதிக்கிறது. முந்தைய ஆய்வுகள் முதல் பகுதியை மட்டும் பிடித்துக்கொண்டு, பற்றாக்குறையை மெகாவாட் கணக்காகவே பார்த்தன. ஆனால் ஆலைக்குள் கூடுதலாக வலித்தது இரண்டாவது பகுதி. நூற்பாலையில் ரிங் பிரேம் நின்றால் கதிருக்குக் கதிர் இழை அறும். மீண்டும் ஓடவிடுமுன் ஒவ்வொன்றாக ஒட்ட வேண்டும். பவுண்டரியில் உலோகம் உருகிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் அது உலைக்குள்ளேயே இறுகி, உட்பூச்சையும் கெடுத்துவிடும். நான்கு மணி நேரத் தடை என்பது ஆலைக்காரருக்கு நான்கு மணி நேர இழப்போடு முடியவில்லை. முழு ஷிப்டையும் அதற்கேற்ப மாற்ற வேண்டியிருந்தது, அல்லது டீசல் ஜெனரேட்டருக்குச் செலவழிக்க வேண்டியிருந்தது. எனவே இந்த ஆணைகள் எத்தனை மெகாவாட் குறைகிறது என்பதோடு, எந்த நேரத்தில் குறைகிறது என்பதையும் பதிந்துள்ளன. முதன்மையாக உயரழுத்த இணைப்புகளைப் பற்றியே இவை பேசுகின்றன என்பது ஒரு வரம்பு. சோமனூர் விசைத்தறிகளும் கோவையின் லேத் பட்டறைகளும் பட்ட பாட்டை இந்த ஏடுகளில் தேட முடியாது.

நேரத்தோடு பருவத்தையும் சேர்த்துப் பார்த்தால் படம் தெளிகிறது. பல்லடம், உடுமலை வட்டாரக் காற்றாலைகள் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை நம்பியவை. அது வைகாசியில் வலுத்துப் புரட்டாசியில் ஓயும். கட்டுப்பாடுகள் முதலில் நீங்கியது 2014 ஜூன் 1-இல், காற்று எழும்பும் வேளையில். அதே ஆண்டு செப்டம்பரில், காற்று ஓய்ந்தபோது, 20 விழுக்காடு வெட்டு திரும்பியது. அம்மாத இறுதியில் கூடங்குளத்துச் சுழலியும் பழுதாகி நின்றதை எதிர்த்தரப்பு சுட்டக்கூடும். ஆனால் வெட்டு அறிவிப்பு அதற்குச் சில நாள் முந்தியது.

என் பார்வையில் தீர்மானகரமான சான்று அடுத்த ஆண்டில்தான் கிடைக்கிறது. கட்டுப்பாடு நீங்கிய பத்தொன்பதாம் நாள், 2015 ஜூன் 24-இல், முதல் அலகு பராமரிப்புக்கும் எரிபொருள் மாற்றத்துக்கும் நிறுத்தப்பட்டது. இரண்டு மாத வேலை என்றார்கள். உலை மீண்டும் இயங்கியது 2016 ஜனவரியில். இரண்டாம் அலகு அப்போது மின்தொகுப்பில் இணையவே இல்லை. இடைப்பட்ட மாதங்களில் காற்றும் ஓய்ந்தது. அப்படியும் கொங்கு ஆலைகளுக்குக் கட்டுப்பாடு திரும்பவில்லை. அவ்வாண்டு வடகிழக்குப் பருவமழை கொட்டியதால் தேவை குறைந்தது என்று சொல்லலாம். பம்புசெட்டுகளுக்கும் வீடுகளுக்கும் அது பொருந்தும். நூற்பாலையோ மழைக்காக ஓட்டத்தைக் குறைப்பதில்லை. அந்த மறுப்பை இதற்கு மேல் நீட்ட வேண்டியதில்லை. 2016-க்குப் பிந்தைய ஆண்டுகளை மட்டும் நான் சான்றாகக் கொள்ளவில்லை, இரண்டு அலகுகளும் ஓடத் தொடங்கிய பின் அணுமின்சாரத்தின் பங்கைத் தனியே பிரித்தறிவது கடினம்.

வெட்டைப் போக்கியவை வேறு. மேட்டூரின் 600 மெகாவாட் அலகு, வடசென்னையின் இரண்டு 600 மெகாவாட் அலகுகள், வல்லூரின் மூன்று 500 மெகாவாட் அலகுகள் ஆகியவை 2012–2015-க்குள் அடுத்தடுத்து வந்தன. 2013 டிசம்பர் 31-இல் ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் தடம் தென்னக மின்தொகுப்பை நாட்டின் பிற பகுதிகளோடு இணைத்தது. மாநில அரசே சொன்ன பற்றாக்குறை ஏறக்குறைய 4,000 மெகாவாட். முதல் அலகின் 1,000-இல் தமிழ்நாட்டுக்கு முறைப்படி ஒதுக்கியது 462.5, பிறகு மைய அரசின் ஒதுக்கப்படாத பங்கிலிருந்து மேலும் 100. போராட்டமே தாமதத்துக்குக் காரணம் என்போர், 1988-இல் ஒப்பந்தமாகி 2002-இல்தான் கட்டுமானம் தொடங்கிய திட்டம் இது என்பதை மறந்துவிடுகிறார்கள். அந்தப் பதினான்கு ஆண்டுகளில் இடிந்தகரைப் போராட்டப் பந்தல் இருக்கவில்லை.

அணுமின்சாரம் வீண் என்பதல்ல இதன் பொருள். காற்று ஓய்ந்த மார்கழி இரவில் நிலையாக ஓடும் ஓர் உலைக்கு மதிப்பு உண்டு; நிலக்கரிப் புகையைக் குறைக்க விரும்புவோர் அதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் நம் நாட்டில் உலைகள் இரவும் பகலும் ஒரே அளவில் ஓட்டப்படுகின்றன. சூரிய மின்சாரம் பெருகிய இன்றைய தொகுப்பில், வெயில் சாய்ந்ததும் ஏறும் தேவைக்கு, கூட்டவும் குறைக்கவும் கூடிய மின்சாரம் வேண்டும். நீலகிரியில் குந்தாவில் அமையும் 500 மெகாவாட் நீரேற்றுத் திட்டம் அந்த வேலைக்கு உரியது. கூடங்குளத்தின் அடுத்த நான்கு அலகுகளும் முடிந்தாலும் கொங்கின் மாலை உச்சநேரத் தேவைக்கு அவை மட்டும் போதா. மின்திட்டத்தை ஆண்டுத் தேவையைக் கொண்டு எழுதுவதை நிறுத்தி, மணிவாரித் தேவையைக் கொண்டு எழுத வேண்டும்.