கல்பனா (1948)

கல்பனா, நடனக் கலைஞர் உதய் சங்கர் எழுதி இயக்கி நடித்து, சென்னை ஜெமினி ஸ்டுடியோவில் படமாக்கிய இந்தி மொழித் திரைப்படமாகும். அவர் இயக்கிய ஒரே கதைப்படமான இதில் அவருடைய துணைவியார் அமலா சங்கர் முதன்மை வேடம் ஏற்றார். பின்னாளில் தமிழ்த் திரையில் புகழ்பெற்ற பத்மினி நடனக் கலைஞராக அறிமுகமானார். ஒளிப்பதிவை, பிற்பாடு 'ஏழை படும் பாடு' படத்தை இயக்கிய கே. ராம்நாத் மேற்கொண்டார்.

கலைக்கூடம் அமைக்கக் கனவு காணும் உதயன் என்னும் கலைஞனின் கதையை, உதய் சங்கர் அல்மோராவில் நடத்திய கலை மையத்தின் சாயலோடு, உரையாடலைவிட நடனத்தாலும் நிழல்-ஒளி அமைப்பாலும் சொல்வதே இப்படத்தின் தனிச்சிறப்பு.

மார்ட்டின் ஸ்கோர்செசி நிறுவிய உலகத் திரைப்பட அறக்கட்டளையின் முயற்சியால், புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் பாதுகாத்த நகல் நெகட்டிவிலிருந்து, அதாவது மூலச்சுருளிலிருந்து படியெடுத்த சுருளிலிருந்து, இத்தாலியின் பொலோன்யா நகர ஆய்வகத்தில் இப்படம் மீட்டெடுக்கப்பட்டு, 2012-இல் கான் விழாவில் திரையிடப்பட்டது. 2022-இல் அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனம், உயர்தெளிவுப் படத்தை லேசர் ஒளியால் படிக்கத்தக்க வட்டான ப்ளூ-ரே வடிவில், உலகத் திரைப்படத் தொகுப்பின் நான்காம் தொகுதியில் இதனைச் சேர்த்து வெளியிட்டது. சென்னையில் உருவான படமொன்று முறையான காப்பகப் பணியால் மறுபிறவி எடுத்தமைக்கு கல்பனா தலைசிறந்த சான்றாகும்.