மேற்படி சாட்சியாளர் சொல்வது

1837 நவம்பர் 20 அன்று, பென்சில்வேனியா மாநிலத்தின் வேய்ன் மாவட்டத்தில், 81 வயதான ஒரு மூதாட்டி போர்வீரரின் கைம்பெண்ணுக்குரிய ஓய்வூதியம் கேட்டுப் பிரமாண வாக்குமூலம் அளித்தார். அவர் பெயர் சாரா. முதல் கணவர் வழியில் சாரா ஆஸ்போர்ன், இரண்டாம் கணவர் வழியில் சாரா பெஞ்சமின். அவர் மெய்ப்பிக்க வேண்டியவை முதன்மையாக இரண்டு. ஆரோன் ஆஸ்போர்ன் என்பவர் அமெரிக்க விடுதலைப் போரில் படைவீரராக இருந்தார் என்பது ஒன்று. அந்தச் சேவை முடியும் முன்பே தாம் அவருக்கு மனைவியாகிவிட்டார் என்பது மற்றொன்று. ஒரு பக்கத்தில் சொல்லி முடித்திருக்கலாம். சாரா அப்படிச் சொல்லவில்லை. தாம் நடந்த பாதை, கடந்த ஊர்கள், சமைத்த இறைச்சி, கண்ட பிணங்கள் என்று அனைத்தையும் சொன்னார். எழுத்தர் அவற்றை எழுதிக்கொண்டார். அமெரிக்கப் புரட்சிப் போரின்போது படையோடு சென்ற பெண் ஒருவர் தம் அனுபவத்தை இவ்வளவு விரிவாகச் சொன்ன ஆவணம் வேறொன்று கிடைப்பது அரிது.

இந்த வாக்குமூலத்தின் அருமையை உணர, அதைக் கேட்டுப் பெற்ற சட்டத்தைச் சற்றுப் பார்க்கவேண்டும்.

போர் நடந்துகொண்டிருந்தபோதே, 1780 ஆகஸ்டில், இறந்த அதிகாரிகளின் மனைவியருக்கும் பெற்றோரற்ற பிள்ளைகளுக்கும் ஏழாண்டுக் காலம் அரைச் சம்பளம் தருவதாகக் காண்டினென்டல் காங்கிரஸ் தீர்மானித்தது. அதிகாரிகளுக்கு மட்டும்தான். துப்பாக்கி தூக்கிய சாதாரணச் சிப்பாயின் மனைவியை அது கருதவில்லை. 1818இல் வறுமையில் வாடும் முன்னாள் வீரர்களுக்கு ஓய்வூதியம் வந்தது. சிப்பாய்க்கு மாதம் 8 டாலர், அதிகாரிக்கு 20 டாலர். இரண்டே ஆண்டுகளில், ஏழையல்லாதோரும் வாங்குகிறார்கள் என்ற கூச்சல் எழவே, கிழவர்கள் தம் வீட்டிலுள்ள தட்டுமுட்டுச் சாமான்களையெல்லாம் பட்டியலிட்டு நீதிமன்றத்தில் கொடுக்கவேண்டும் என்று 1820இல் விதித்தார்கள். 1832இல் அந்த வறுமைச் சோதனை நீங்கியது. சிப்பாயின் கைம்பெண்ணை முறையாகக் கண்டுகொண்ட பொதுச்சட்டம் 1836 ஜூலை 4இல்தான் வந்தது. யார்க்டவுன் சரணடைதலுக்கு 55 ஆண்டுகள் பின்னால்! அதற்குள் எத்தனை பேர் போய்ச் சேர்ந்திருப்பார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அச்சட்டத்திலும் ஒரு முள் இருந்தது. கணவரின் கடைசிப் போர்ச்சேவை முடிவதற்கு முன் திருமணம் நடந்திருக்கவேண்டும். ஓய்வூதியக் கிழவரைப் பணத்துக்காக இளம்பெண்கள் மணந்துகொள்வார்கள் என்ற ஐயம் சட்டமியற்றியோருக்கு எப்போதுமே இருந்தது. இந்த வரம்பு பிறகு படிப்படியாகத் தளர்ந்தது. 1794க்கு முன் மணந்தவர்களுக்கு 1838இலும், 1800 பிறக்கும்வரை மணந்தவர்களுக்கு 1848இலும் கதவு திறந்தது. 1853இல் அதற்குப் பின் மணந்தவர்களும் சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள். ஐயம் முற்றிலும் பொய்யுமன்று. இந்தப் போருக்காக ஓய்வூதியம் பெற்ற கடைசிக் கைம்பெண்ணான வெர்மான்ட் மாநிலத்து எஸ்தர் டேமன் 1906இல்தான் இறந்தார். 1835இல் அவர் மணந்தபோது அவருக்கு வயது 21. மாப்பிள்ளைக்கு எழுபதுக்கு மேல்.

சரி, திருமணத்தை எப்படி மெய்ப்பிப்பது? அன்றைய அமெரிக்காவில் பல ஊர்களில் திருமணப் பதிவேடு கிடையாது. இருந்த இடங்களிலும் அதை வைத்திருந்த பாதிரியார் இறந்து, தேவாலயம் எரிந்து, ஏடு காணாமற்போயிருக்கும். கணவரின் சேவையை மெய்ப்பிப்பதும் எளிதன்று. 1800 நவம்பரில் போர்த்துறை அலுவலகம் தீப்பற்றி எரிந்தது. எஞ்சியவற்றுக்கு 1814இல் பிரித்தானியப் படை வாஷிங்டனைக் கொளுத்தியபோது மேலும் சேதம் நேர்ந்தது. ஆவணங்களைத் தொலைத்தது அரசு. ஆவணம் எங்கே என்று கிழவிகளைக் கேட்டதும் அதே அரசு.

அப்பெண்கள் கண்ட வழி நெஞ்சைத் தொடுவது. குடும்ப வேதாகமத்தில் பழைய ஏற்பாட்டுக்கும் புதிய ஏற்பாட்டுக்கும் நடுவே பிறப்பு, திருமணம், இறப்பு எழுதிவைக்கும் பக்கங்கள் இருக்கும். அவற்றைக் கிழித்தெடுத்து வாஷிங்டனுக்கு அனுப்பினார்கள். ஜெர்மானியக் குடும்பங்கள் பறவையும் பூவும் வண்ணத்தில் தீட்டிய ‘ஃப்ராக்டூர்’ பிறப்புச் சான்றுகளை அனுப்பின. அனுப்பிய தாள்கள் பல திரும்பிப் போகவில்லை. இன்றும் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில், விண்ணப்பக் கோப்புகளுக்குள் அவை கிடக்கின்றன. மொத்தம் ஏறத்தாழ 80,000 கோப்புகள். உயிரோடிருந்து வாங்கிய வீரர் கோப்பில் எஸ், கைம்பெண் கோப்பில் டபிள்யூ, நிராகரிக்கப்பட்டதில் ஆர் என்று அடையாள எழுத்து. வேதாகமத்தின் பக்கத்தைக் கிழிக்க ஒரு பக்தையான கிழவிக்கு எவ்வளவு தயக்கம் இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

ஏடு இல்லாதவர்களுக்கு நினைவு ஒன்றே ஆதாரம். எந்தத் தளபதி, எந்த ஊர், எந்தக் குளிர்காலம் என்று சொல்லச் சொல்ல எழுத்தர் எழுதுவார். அவர் எழுதும் நடையில் ‘நான்’ இராது. நம் பத்திரப்பதிவு அலுவலகத் தமிழில் ‘மேற்படியார்’ வருவதுபோல, ‘மேற்படி சாட்சியாளர் மேலும் சொல்வதாவது’ என்ற படர்க்கையிலேயே எல்லாம் நகரும். அந்த இறுகிய சட்ட நடைக்குள்ளிருந்து ஒரு கிழவியின் குரல் கேட்கிறது என்பதே சாராவின் வாக்குமூலத்தில் என்னை ஈர்த்தது.

1780ஆம் ஆண்டின் கடுங்குளிர்காலத்தில், ஆல்பனி நகரில் ஒரு கொல்லர் வீட்டில் சாரா வசித்து வந்தார். ஸ்டான்விக்ஸ் கோட்டையிலிருந்து வந்த ஆஸ்போர்ன் அந்தப் பட்டறையில் வேலை செய்தார். இருவருக்கும் மணமாயிற்று. பின்புதான் தாம் மறுபடியும் படையில் சேர்ந்துவிட்டதைக் கணவர் தெரிவிக்கிறார். உடன் வரவேண்டும் என்று வற்புறுத்துகிறார். நடக்கமாட்டேன், வண்டியிலோ குதிரையிலோ இடம் தந்தால் வருகிறேன் என்பது சாராவின் நிபந்தனை. கிடைத்தது. படைத்தலைவர் கேப்டன் கிரெக், முன்னொரு சண்டையில் உச்சந்தலைத் தோல் உரிக்கப்பட்டும் பிழைத்தவர். அவ்வப்போது அவருக்குப் புத்தி தடுமாறும். அப்போதெல்லாம், சாரா, என் தலைத்தோலை உரித்த இடத்தைப் பார்த்திருக்கிறாயா என்று கேட்டுத் தலையைக் காட்டுவாராம். சட்டத்துக்கு இது எதற்கு? எதற்குமில்லை. ஆனால் கிரெக்கின் தலையை அறிந்தவள் அந்தப் படையில் இருந்தவளாகத்தான் இருக்கமுடியும்.

கிங்ஸ்பிரிட்ஜில் ஓர் இரவு கனத்த பீரங்கிகளை ஏற்றும் வேலை. கணவர் காவல் நிற்கவேண்டிய முறை. அவரும் பாரம் ஏற்ற உதவட்டும் என்று சாரா அவரது மேலங்கியை அணிந்து, துப்பாக்கியைப் பிடித்துக் காவல் நிற்கிறார். அவ்வழி வந்த ஜார்ஜ் வாஷிங்டன், உன்னை இங்கே நிறுத்தியது யார் என்று வினவுகிறார். நிறுத்த உரிமையுள்ளவர்கள்தாம் ஐயா என்று பதில். இதே வாஷிங்டன், 1777 ஆகஸ்டில் படை பிலடெல்பியா நகரினூடே அணிவகுத்தபோது, உடன் வந்த பெண்கள் ஊரார் கண்ணில் படக்கூடாதென்று அவர்களை வேறு வழியாக அனுப்பச் சொன்னவர்.

1781இல் படை தெற்கே திரும்பியது. பிலடெல்பியாவில் குவேக்கர் சமயப் பெண்கள் சாராவை அங்கேயே தங்கிவிடச் சொன்னார்கள். கணவர் விட்டுப்போக இசையவில்லை. பால்டிமோர் வழியாக யார்க்டவுன். அங்கே சாராவின் கூடாரத்துக்கு அருகே, ஊரிலிருந்து பிரித்தானியர் துரத்திவிட்ட கறுப்பின மக்கள் பசியால் செத்துக் கிடந்தார்கள் என்கிறது வாக்குமூலம். விடுதலை கிடைக்குமென்று பிரித்தானியர் பக்கம் ஓடிவந்தவர்களில் பலர், முற்றுகையில் உணவு குறைந்து அம்மையும் பரவியபோது வெளியே தள்ளப்பட்டார்கள். வெற்றி வரலாறுகள் கூடாரத்துக்கு இந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பது குறைவு.

சாரா துணி வெளுத்தார், சமைத்தார், மாட்டிறைச்சியும் ரொட்டியும் காப்பியும் சுமந்துகொண்டு பதுங்குகுழிகளுக்குச் சென்றார். பீரங்கிக் குண்டுக்கு அஞ்சவில்லையா என்று வாஷிங்டன் மீண்டும் ஒருமுறை கேட்கிறார். தூக்குமரத்தில் சாக விதித்தவளைக் குண்டு தீண்டாது என்ற பொருளில் ஒரு குறும்பான விடை. கூடவே, சண்டையும் போட்டுப் பட்டினியும் கிடக்க ஆண்களால் ஆகாது என்ற விளக்கம். ஒரு நாள் காலை முழக்கங்கள் ஓய்கின்றன. அதிகாரிகள் தொப்பியைச் சுழற்றி ஆரவாரிக்கிறார்கள். என்ன நடந்தது என்கிறார் சாரா. அதுகூடத் தெரியாத அளவுக்கு நீ என்ன சிப்பாய் என்பது போல் அவர்கள் திருப்பிக் கேட்கிறார்கள். தெரியாது என்றார் சாரா. பிரித்தானியர் சரணடைந்துவிட்டார்கள் என்றார்கள்.

விளையாட்டாகக் கேட்ட அந்தக் கேள்வியில்தான் இந்தக் கோப்பின் முழுச் சிக்கலும் இருக்கிறது. களத்தில் இருந்தவர்கள் அவரைச் சிப்பாயென்று பேசினார்கள். சட்டத்தின் ஏட்டில் அவர் சிப்பாயின் மனைவி மட்டுமே.

அக்டோபர் 19 அன்று சாலையோரம் நின்று சரணடைந்த படையைச் சாரா பார்த்தார். முன்னே வந்த தளபதி பருத்த உடம்பினர், கன்னங்களில் கண்ணீர் வழிந்தது, ஆனால் அவர் காரன்வாலிஸ் அல்லர் என்று தெளிவாகச் சொல்கிறார். சரியான செய்தி. உடல்நலமில்லை என்று காரன்வாலிஸ் துணைத்தளபதி ஓ’ஹாராவைத்தான் அனுப்பினார். (நிரந்தர நிலவரித் திட்டத்தோடு நம் பாடநூலில் வரும் அதே காரன்வாலிஸ்தான். பதினோரு ஆண்டுகள் கழித்து, 1792இல், திப்பு சுல்தானின் இரு மகன்களைப் பணயமாகப் பெற்றுக்கொண்டவர்.) ஐம்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின்னும் நினைவு இவ்வளவு துல்லியம்.

போர் முடிந்தது. இரண்டு குழந்தைகள். ஆஸ்போர்ன் நியூ வின்ட்சரில் மனைவியை விட்டுவிட்டுப் போனார், திரும்பவில்லை. நியூபர்க்குக்கு 15 மைல் அப்பால் வேறொரு பெண்ணை மணந்துகொண்டதாகச் செய்தி வந்தது. சாரா ஒரு குதிரையைப் பிடித்து ஏறி, அந்தப் பெண்ணின் தகப்பன் வீட்டுக்கே சென்றார். கணவர் அங்கேதான் இருந்தார். செய்தி மெய்தான். இரவு அங்கேயே தங்கி, இவனை மீட்டெடுக்க வழியில்லை என்று முடிவுசெய்து, காலையில் திரும்பினார். அழுகை, வசை எதுவும் வாக்குமூலத்தில் இல்லை. பிறகு ஆஸ்போர்ன் ஒருமுறை வந்தபோது, இருதார மணம் குற்றமாதலால் அகப்படுமுன் போய்விடச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். 1787இல் சாரா ஜான் பெஞ்சமினை மணந்தார். அவரும் இறந்தபின்பு தனித்த முதுமையில், 1836ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அவர் உரிமை கோரவேண்டியிருந்தது யாருடைய மனைவியாக? தம்மைக் கைவிட்டுப் போன ஆஸ்போர்னின் மனைவியாக. போருக்கு முன்னும் போர்க்காலத்திலும் நடந்த மணமே கணக்கில் சேரும். பெஞ்சமினோடு வாழ்ந்த நாற்பதாண்டு வாழ்வுக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை.

அவர் யார்க்டவுனில் சுமந்த இறைச்சிக்கும் ரொட்டிக்கும் இடமில்லை. அவை அனைத்தும், ஆஸ்போர்ன் அங்கே இருந்தார் என்பதற்கான சாட்சியம், அவ்வளவே. ஓய்வூதியம் கிடைத்தது. நூறு வயதைக் கடந்து வாழ்ந்தார். கோப்பு இன்றும் ஆரோன் ஆஸ்போர்ன் என்ற பெயரில்தான் அடுக்கப்பட்டிருக்கிறது. வரலாற்றாசிரியர் ஜான் டேன் 1980இல் இத்தகைய வாக்குமூலங்களைத் தொகுத்து வெளியிட்டபோதுதான் சாராவைப் பலரும் அறிந்தார்கள்.

பெண்ணின் சேவையைச் சேவையாகவே எண்ணிய நிகழ்வுகள் இல்லாமலில்லை. 1776 நவம்பரில் வாஷிங்டன் கோட்டையில் பீரங்கியருகே கணவர் விழ, அவரிடத்தில் நின்று சுட்டுக் காயமுற்ற மார்கரெட் கார்பினுக்கு 1779இல் சிப்பாயின் பாதிச் சம்பளம் தந்தார்கள். காயத்துக்காகத் தந்தது, கைம்மைக்காக அன்று. ஆண்வேடத்தில் போரிட்ட டெபோரா சாம்ப்சன் 1805இல் தமக்கே ஓய்வூதியம் பெற்றார். அவர் இறந்தபின் அவருடைய கணவர், ஒரு வீரரின் வாழ்க்கைத் துணை என்ற முறையில் விண்ணப்பித்தார்! காங்கிரஸ் யோசித்து யோசித்து 1838 ஜூலை 7இல் தனிச்சட்டம் இயற்றியபோது அந்த மனிதர் இறந்து ஓராண்டுக்கு மேலாகியிருந்தது. பணம் வாரிசுகளுக்குப் போயிற்று.

இன்னொரு பெயரும் சாராவின் வாக்குமூலத்தில் உண்டு. படையோடு தெற்கே சென்ற பெண்களில் ஒரு லெப்டினன்டின் மனைவி, ஒரு சார்ஜென்டின் மனைவி, இவர்களோடு லெட்டா என்ற கறுப்பினப் பெண். மற்ற இருவரும் கணவர் பெயரால் குறிக்கப்பட, லெட்டாவுக்கு முன்பெயர் மட்டும். அடிமைகளின் திருமணத்தைச் சட்டம் திருமணமாக ஏற்காத காலம் அது. எஜமானரிடமிருந்து தப்பிப் படையில் சேர்ந்து பத்து மாதம் உழைத்த ஜெஹு கிரான்ட் என்ற கறுப்பினக் கிழவர் 1832இல் விண்ணப்பித்தபோது, அப்போது அவர் தப்பியோடிய அடிமை என்பதால் அந்தச் சேவை கணக்கில் வராது என்று ஓய்வூதிய அலுவலகம் மறுத்துவிட்டது. 1836இல் அவர் மீண்டும் எழுதினார். பதில் மாறவில்லை.