வேலைக்கு வழி சொன்னவர்கள்

பிழைப்புத் தேடிப் புறப்படுகிறவனுக்கு, அவனுக்கு முன்னே போய் வந்தவனுடைய வாய்மொழியே துணையாக இருந்த வழக்கம் நம் நாட்டில் மிகப் பழையது. ஆனால் அந்த வாய்மொழி ஒரு தொழிலாகவே உருக்கொண்டு, லட்சக்கணக்கான ஜனங்களைச் சமுத்திரம் கடக்கச் செய்த சரித்திரத்தை அறிய விரும்புவோர், இலங்கை மலைத் தோட்டங்களின் கங்காணி முறையைத்தான் பார்க்க வேண்டும்.

கண்டிச் சீமையில் காப்பித் தோட்டங்கள் பெருகிய 1840-களிலும், காப்பி நோயால் அழிந்து தேயிலை அதன் இடத்தைப் பிடித்த பின்னரும், துரைமார் ஆள் சேர்க்கத் தாமே ஊர் ஊராக அலையவில்லை. தோட்டத்திலிருந்த ஒருவனையே கங்காணியாக்கி, கையில் முன்பணம் கொடுத்து, அவன் பிறந்த கிராமத்துக்கு அனுப்பினார்கள். மழை பொய்த்து வயல் வெடித்துக் கிடந்த காலத்தில் திருச்சிராப்பள்ளி, ராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கத்து ஊர்களில் வந்து நின்ற அவன் அந்நியன் அல்லன். மாமன் மகன், அல்லது பங்காளி, அல்லது அதே தெருக்காரன். ஆகையால் அவன் சொல்லை ஜனங்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கையின்மேல்தான் கடன் ஏறியது. வழிச்செலவும் முன்பணமும் கூலியாளின் பேரில் எழுதப்பட்டன. கங்காணிக்கோ, தன் ஆட்களில் வேலைக்கு வந்தவர் தலைக்கு இவ்வளவு என்று தினந்தோறும் தலைக்காசு கிடைத்தது.

‘துண்டு’ என்று பெயர் பெற்ற காகிதம் இதன் உச்சம். இன்ன கங்காணியின் ஆட்கள் பேரில் உள்ள கடனை இத்தனை ரூபாய் செலுத்தித் தீர்ப்பவருக்கு அவர்களை விட்டுக்கொடுக்கச் சம்மதம் என்று துரை கையெழுத்திட்டுக் கொடுக்க, கங்காணி அதை எடுத்துக்கொண்டு வேறு தோட்டங்களுக்குப் போவான். ஆள் பஞ்சத்தில் துரைமார் போட்டியிடத் தொகை உயரும். தோட்டம் மாறிய குடும்பத்தோடு கடனும் வளர்ந்து கூடவே போகும். 1921-இல் சட்டம் செய்து துண்டை ஒழித்தார்கள். உறவின் சொல்லைக் கடன் பத்திரமாக்கிய அந்த ஏற்பாட்டை நான் கொடுமை என்றே சொல்வேன்.

எனினும், வழி சொல்பவன் எக்காலத்திலும் வேண்டியவனாகவே இருக்கிறான். அமெரிக்காவில் பாஸ்டனை அடுத்த நியூட்டன் நகரில் மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலார் விசாரித்து 1973-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், அறிந்தவர் மூலம் உத்தியோகம் பெற்றோருள், அடிக்கடி சந்திக்கும் நண்பரால் பெற்றவர் 100-க்கு ஏறக்குறைய 17 பேரே என்றும், மற்றவர்களுக்கு உதவியவர்கள் எப்போதாவது காணும் பழக்கக்காரர்களே என்றும் தெரிந்தது. காரணம் தெளிவானது: நெருங்கியவன் நாம் அறிந்ததையே அறிவான், வேறிடம் சென்று வந்தவனிடமே புதுச் செய்தி இருக்கும்.

2003-ஆம் வருஷம் மே மாதம் தொடங்கிய லிங்க்ட்இன் என்ற உத்தியோகத் தொடர்புக்கான இணையத் தளம் இந்தத் தூரத்துப் பழக்கத்தையே ஒரு பெரும் ஜாபிதாவாக்கித் தந்தது. தூத்துக்குடிப் பட்டதாரி ஒருவர் தம் கல்லூரியில் படித்து இப்போது சிங்கப்பூரில் இருப்பவரைக் கண்டு விசாரிக்கலாம். சொன்னவருக்குத் தலைக்காசு இல்லை, கேட்டவர் பேரில் கடனும் இல்லை. இதை நான் பெரும் நன்மையாகவே மதிக்கிறேன்.

ஆனால் பழைய ஆபத்து முற்றிலும் நீங்கிவிடவில்லை. 2022-இல் தாய்லாந்தில் கணினி உத்தியோகம் என்று சமூக ஊடகங்களில் பரவிய விளம்பரங்களை நம்பிப் போன இளைஞர்கள் மியான்மரின் மியாவதிப் பகுதிக்குக் கடத்தப்பட்டு, இணைய மோசடி வேலையில் கட்டாயமாக அமர்த்தப்பட்டார்கள். விடுதலை கேட்டவர்களிடம் பணம் கேட்கப்பட்டது. அவர்களுள் மீட்கப்பட்ட தமிழர் சிலர் அவ்வாண்டு அக்டோபரில் சென்னை வந்து சேர்ந்தனர்.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பவர் 1983-ஆம் வருஷத்துக் குடிபெயர்வுச் சட்டப்படி மத்திய அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் அதற்குரிய வரியுமே. பதிவு பெற்றவர்களின் பெயர்கள் அரசின் இ-மைக்ரேட் தளத்தில் உள்ளன. அழைப்பவர் எவ்வளவு வேண்டியவராயினும், அந்தப் பட்டியலைப் பாராமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.