அமிகா 1200 கணினியில் காம்பாக்ட்ஃபிளாஷ் அட்டை

அமிகா 1200 என்பது கொமடோர் நிறுவனம் 1992-ஆம் ஆண்டு வெளியிட்ட வீட்டுக் கணினி ஆகும். 2.5 அங்குல வன்தட்டைப் பொருத்த இதனுள் 44 ஊசிகள் கொண்ட ஐடிஇ இணைப்பு இருந்தது. சுழலும் வன்தட்டு காலப்போக்கில் தேய்ந்து பழுதாகும். அப்போது அதிலுள்ள கோப்புகளும் அழியும். கொமடோர் 1994 ஏப்ரலில் நொடித்துப்போனதால், பழுதைச் சரிசெய்யும் பொறுப்பு பயனர்களையே சேர்ந்தது.

அதே 1994-இல் சான்டிஸ்க் நிறுவனம் காம்பாக்ட்ஃபிளாஷ் அட்டையை அறிமுகப்படுத்தியது. பின்னாளில் இது எண்ணிம ஒளிப்படக் கருவிகளில் பரவலாகப் பயன்பட்டது. இந்த அட்டையின் கட்டுப்படுத்தி, ஐடிஇ வன்தட்டுக்குரிய கட்டளைகளையும் ஏற்குமாறு வடிவமைக்கப்பட்டது. மின்சாரம் பாயும்போது 9-ஆம் ஊசி தரையிணைப்பில் இருந்தால், அட்டை வன்தட்டாகவே இயங்கும். 5 வோல்ட் மின்னழுத்தத்தையும் அது தாங்கும். ஆகவே அட்டையின் 50 ஊசிகளைக் கணினியின் 44 ஊசிகளுடன் இணைக்கும் எளிய மாற்றி ஒன்றே போதுமானது. மொழிமாற்றும் சில்லு தேவையில்லை.

எனினும் ஒரு வரம்பு உண்டு. கணினியுடன் வந்த 3.0 பதிப்பு இயங்குதளம் 4 ஜிகாபைட்டு வரை மட்டுமே கையாளும். அதற்கு அப்பால் எழுதினால், தரவு அட்டையின் தொடக்கப் பகுதியின் மீதே பதிந்து, அங்குள்ளவற்றை அழித்துவிடும்.

ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதும் தடவைகளுக்கும் எல்லை உண்டு. ஆனால் அமிகா இயங்குதளம் மெய்நிகர் நினைவகத்தைப் பயன்படுத்தாததால், அது தட்டில் எழுதுவது குறைவு. பழைய வன்தட்டு சுழலும்போதே அதன் கோப்புகளை அட்டைக்குப் படியெடுப்பது இன்றியமையாதது. நின்றுபோன தட்டிலிருந்து அவற்றை மீட்பது கடினம்.