சுண்டுவிரலுக்குள் எத்தனை கோடுகள்

கைக்குழந்தையிடம் எழுத்து அட்டையைக் காட்டி "கடைசி வரிசை தெரியுதா?" என்று கேட்க முடியாது. அந்தச் சிக்கலுக்கு 1950களின் இறுதியில் கிளீவ்லாந்தில் ராபர்ட் ஃபான்ட்ஸ் கண்டுபிடித்த வழி ரொம்ப எளிமையானது. குழந்தையைப் படுக்கவைத்து, மேலே இரண்டு அட்டைகளைக் காட்டி, அது எதை அதிக நேரம் பார்க்கிறது என்று சிறு துவாரம் வழியாகக் கவனித்தார். வெற்று அட்டையைவிட வடிவமுள்ளதுதான் குழந்தைக்குப் பிடித்திருந்தது. பிறகு கோடுகளை மெலிதாக்கிக்கொண்டே போனால் போதும். கோட்டு அட்டையும் சாம்பல் அட்டையும் அதற்கு ஒன்றாகிப்போகும் இடம்தான் அதன் பார்வையின் எல்லை. கேமராவைச் சோதிக்க நாங்களும் கோட்டு அட்டையைத்தான் வைக்கிறோம்!

கையை நீட்டிச் சுண்டுவிரலைப் பாருங்கள். அதன் அகலம் ஏறக்குறைய ஒரு டிகிரி. ஒரு மாதக் குழந்தைக்கு அதற்குள் ஒரேயொரு கறுப்பு வெள்ளைச் சோடிதான் பிரிந்து தெரியும். கண் மருத்துவர் சொல்லும் 6/6 என்றால் 30 சோடி. அங்கே போய்ச்சேரச் சில வருடங்கள் ஆகும். விழித்திரையின் நடுக்குழியில் உள்ள கூம்பு செல்கள் பிறக்கும்போது கட்டையாகவும் தடிமனாகவும் இருக்கின்றன; மெலிந்து, நெருங்கி அடுக்கிக்கொள்வது நான்கு வயதுக்குப் பிறகும் தொடர்கிறது. கேமரா அப்படியில்லை, பெட்டியைத் திறந்த அன்றைக்கே எல்லாப் பிக்சலும் அதில் இருக்கும்.

ஆனால் கண் மட்டும் வளர்ந்தால் போதாது. ஹார்வர்டில் டேவிட் ஹியூபலும் டார்ஸ்டன் வீசலும் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணைத் தைத்து மூடி, சில மாதங்கள் கழித்துத் திறந்தார்கள். கண் நன்றாகத்தான் இருந்தது. மூளையில்தான் அதற்குப் பதில் சொல்ல அநேகமாக ஒரு செல்லும் மிச்சமில்லை. வளர்ந்த பூனையின் கண்ணை மூடினால் இப்படி ஆவதில்லை. 1963இல் வெளியான முடிவு இது, 1981இல் நோபல். அந்தக் குட்டிகளை நினைத்தால் மனசு சங்கடப்படும். ஆனாலும் பிறவிக் கண்புரையை 'பிள்ளை கொஞ்சம் வளரட்டும்' என்று தள்ளிப்போடக் கூடாது என்பதற்கு வலுவான ஆதாரம் அங்கிருந்துதான் வந்தது.

1999இல் கனடாவின் டாஃப்னி மாரரும் குழுவினரும், கண்புரை நீக்கப்பட்ட 28 குழந்தைகளைச் சோதித்தார்கள். சிலருக்கு ஒரு வாரம், சிலருக்கு ஒன்பது மாதம். வயது எதுவானாலும் கூர்மை பச்சிளங்குழந்தை அளவிலேயே நின்றிருந்தது. காண்டாக்ட் லென்ஸ் போட்டு ஒரே ஒரு மணி நேரம் பார்த்தபிறகு மறுபடி அளந்தார்கள். அதற்குள்ளேயே கூடியிருந்தது. இருந்தும், இப்படிச் சிகிச்சை பெற்ற குழந்தைகளில் பலருக்கு வளர்ந்த பிறகும் அந்த மெல்லிய கடைசிக் கோடுகள் பிடிபடுவதில்லை.