அல்ம்குவிஸ்ட், 1879

அமெரிக்க அறிஞர் மேசன் ஹேல் 1981இல் வெளியிட்ட இலங்கை லைக்கன் ஆய்வு, மரப்பட்டையோடு பட்டையாக ஒட்டி வளரும் ஒரு குடும்பத்தைப் பற்றியது. ஒவ்வோர் இனத்துக்கும் மூல மாதிரியை எடுத்தவர் யார் என்று அதில் குறித்திருக்கிறார். த்வெய்ட்ஸ் என்ற பெயர் அடிக்கடி வருகிறது. அவர் 1849 முதல் பேராதனைத் தோட்டத்தின் பொறுப்பில் இருந்தவர். அவருடைய சேகரிப்பைக் கொண்டுதான் லெய்ட்டன் என்ற ஆங்கிலப் பாதிரியார் 1870இல் இலங்கை லைக்கன்களைப் பற்றி எழுதினார். ஆனால் அதே ஆய்வில் வரும் அல்ம்குவிஸ்ட் யார்? சுவீடன்காரப் பெயர். 1879இல் அவருக்குக் கண்டிச் சீமையில் என்ன வேலை?

துப்பு நூல் தலைப்புகளில் கிடைத்தது. அவருடைய மாதிரிகளுக்குப் பெயரிட்டவர் பாரிஸில் வாழ்ந்த பின்லாந்து அறிஞர் நைலாண்டர். 1890இல் அவர் வெளியிட்ட லத்தீன் நூல் ஜப்பான் லைக்கன்களைப் பற்றியது; கூடவே போர்னியோ அருகிலுள்ள லபுவான் தீவின் லைக்கன்களும் உண்டு. 1900இல் வந்தது இலங்கை நூல். அதிலும் ஜப்பானுக்கு ஒரு பிற்சேர்க்கை. ஜப்பான், லபுவான், இலங்கை. வரைபடத்தில் கோடு போட்டுப் பார்த்தேன்: அது ஒரு கப்பல் பாதை!

அந்தக் கப்பல் வேகா. ஆசியாவின் வடகரையைச் சுற்றி முதன்முதலில் பசிபிக்கை அடைந்த சுவீடன் கப்பல். பெரிங் நீரிணைக்குச் சற்று முன்னால் பனியில் சிக்கி ஏறத்தாழ பத்து மாதம் கிடந்து, 1879 ஜூலையில் விடுபட்டு, யோகஹாமா, லபுவான் வழியாக டிசம்பரில் காலித் துறைமுகம் வந்தது. கப்பலின் மருத்துவர் எர்ன்ஸ்ட் அல்ம்குவிஸ்ட். பயணத் தலைவர் நோர்டென்ஷோல்டு எழுதிய நூலைப் புரட்டினேன். கப்பல் காலியில் நின்றபோது அல்ம்குவிஸ்ட் லைக்கன் சேகரிக்க உள்நாட்டு உயர்மலைக்குப் போனதை அவரே எழுதியிருக்கிறார்.

சில நாள் அவகாசத்தில் அவர் எடுத்தவை சாதாரணமாகக் கண்ணில் படாதவை. ஹேல் ஆராய்ந்த குடும்பத்து லைக்கன், பார்வைக்கு மரத்தில் படிந்த சாம்பல்நிறக் கறை. லென்ஸ் வைத்தால்தான் அதில் ஊசியால் குத்தியதுபோன்ற துளைகள் தெரியும். அவற்றுக்குள் இருக்கின்றன வித்திகள். கத்தியால் பட்டையோடு சீவி, காற்றில் உலர்த்தி, காகிதத்தில் மடிக்க வேண்டும். பொட்டாஷ் கரைசல் ஒரு துளி விட்டு, நிறமாற்றத்தைப் பார்த்து இனம் பிரிக்கும் முறையை 1866இல் அறிமுகப்படுத்தியவரும் நைலாண்டர்தான். 1899 மார்ச்சில் அவர் இறந்தார். இலங்கை நூல் அச்சேறியதைப் பார்க்கவில்லை.

அல்ம்குவிஸ்ட்டின் மாதிரிகளும் அடங்கிய நைலாண்டரின் சேகரிப்பு ஹெல்சிங்கியில் இருக்கிறது. மலைநாட்டுக் காட்டில் இன்று ஒரு லைக்கனைக் கண்டெடுக்கும் மாணவர், அது அல்ம்குவிஸ்ட் எடுத்த இனம்தானா என்று உறுதிசெய்ய அங்கிருந்து மாதிரியையோ படத்தையோ பெற வேண்டியிருக்கிறது. இது நியாயமில்லை என்பதே என் கருத்து. இனி இம்மலைகளில் சேகரிப்போர், எந்த நாட்டவரானாலும், ஒவ்வொரு மாதிரியிலும் ஒரு பங்கைப் பேராதனைத் தேசிய உலர்தாவரகத்தில் வைத்துவிட்டுப் போகட்டும். பொட்டலத்தின் மேல் மரத்தின் பெயர், இடம், உயரம், தேதி நான்கையும் எழுதுங்கள். தேவைக்கு மேல் ஒரு துண்டும் சீவாதீர்கள். லைக்கன் மிக மெதுவாகவே வளரும்.